ஓடும்போது கண் தெரியாத புலி!

மழை விட்டு வெயில் அடிக்கிறது. ஆற்று மணலில் நடந்து போகிறீர்கள். காலடிக்கு முன்னால் ஏதோ ஒன்று விர்ரென்று எழும்புகிறது. கொஞ்ச தூரம் பறந்து மணலில் உட்காருகிறது. கிட்டே போனால் மறுபடியும் எழும்புகிறது. ஈ என்று நினைத்து நீங்கள் போய்விடுவீர்கள்.

அது ஈ அல்ல. புலி! ஆம், அதன் பெயர் புலி வண்டு.

நீளம் ஏறக்குறைய அரை அங்குலம்தான். ஆனால் உருவத்தைப் பாருங்கள். குச்சி போன்ற நீண்ட கால்கள். துருத்திக் கொண்டிருக்கும் பெரிய கண்கள். அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள். எறும்பு, ஈ, சிலந்தி எது அகப்பட்டாலும் ஆகாரம்தான். பயிரை இது தொடாது.

உலகத்தில் 2,500-க்கு மேற்பட்ட புலி வண்டு வகைகள் உண்டு. இந்தியாவில் மட்டும் 200-க்கு மேல் இருக்கின்றன.

நாலு நிமிடத்தில் வேலூர்!

ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு வகைப் புலி வண்டு, ஒரு வினாடியில் தன் உடல் நீளத்தைப் போல 125 மடங்கு தூரம் ஓடுகிறது. மனிதன் அந்தக் கணக்கில் ஓடினால், ஆம்பூரில் புறப்பட்டு நாலு நிமிடத்தில் வேலூர் போய்ச் சேர்ந்து விடலாம்!

இந்த வேகத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஓடும்போது அதற்குக் கண் தெரியாது! இரையின் உருவம் கண்ணில் பதிய நேரம் போதாது. ஆகவே கொஞ்சம் ஓடும்; சட்டென்று நிற்கும்; இரை எங்கே என்று பார்க்கும்; மறுபடியும் ஓடும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானி கோல் கில்பர்ட் இதை ஆராய்ந்து சொன்னார்.

பதுங்கும் குட்டி

தாய் ஓடிப் பிடிக்கும். குட்டியோ பதுங்கிப் பிடிக்கும்.

தாய் வண்டு, மணலின் ஈரத்தையும் பக்குவத்தையும் பார்த்து முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு, மண்ணில் செங்குத்தாக வளை தோண்டுகிறது. தட்டையான தன் தலையையே மூடி போல வைத்து வாயிலை அடைத்துக் கொள்கிறது. அந்தப் பக்கம் எறும்பு வந்தால், 'லபக்' என்று கவ்வி உள்ளே இழுத்து விடும். இரை திமிறினாலும் புழு வெளியே வராது. முதுகில் உள்ள கொக்கிகள் வளையின் சுவரைப் பிடித்துக் கொள்ளும்.

புழு பெரிதாகி வண்டாகும் வரை அந்த வளைதான் அதற்கு வீடு. மண் போனால் வீடு போயிற்று, உயிரும் போயிற்று.

தீவை விட்டுப் போகாத வண்டு

இலங்கையில் இன்னொரு விந்தை. அங்கே 'டெரோகிரேனியா' என்று புலி வண்டுகளில் ஒரு பிரிவு இருக்கிறது. பார்த்தால் பெரிய எறும்பு என்றே தோன்றும். மணலில் ஓடாது, காட்டு மரங்களில் ஏறி இறங்கி வேட்டையாடும். இதற்குப் பறக்கவும் தெரியாது.

இந்தப் பிரிவைச் சேர்ந்த பெரும்பாலான வகைகள் இலங்கையைத் தவிர வேறு எங்கும் இல்லை. காட்டை வெட்டினால், பறந்து போய் வேறு காட்டில் குடியேற அவற்றால் முடியாது. கடலைத் தாண்டுவது எப்படி?

பறக்கத் தெரிந்த வண்டு தப்பி விடுமா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு வகைப் புலி வண்டு ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தது. கடற்கரையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. வளையில் இருந்த புழுக்கள் நசுங்கின. பல கரைகளில் அந்த வண்டே இல்லாமல் போயிற்று. 1990-ல் அரசாங்கம் அதை ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது.

பாலாற்று மணல்

நமது பாலாறும் மணல் ஆறுதான். இப்படிப்பட்ட மணலும் ஈரக் கரையும்தான் புலி வண்டுக்கு ஏற்ற வீடு. அந்த மணலை லாரிகள் அள்ளிச் சென்றன. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரும் ஆற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல் தொழில். ஆனால் அதன் கழிவு, நிலத்தைக் கெடுத்தது.

தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம், ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய் விட்டது என்று ஒரு ஆய்வு கூறியது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் இதை எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரி 30-ந் தேதி மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், ஆற்றைச் சீர்படுத்த வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

ஓர் இடத்தில் எத்தனை வகைப் புலி வண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அங்கே மற்ற உயிர்களின் வளம் எப்படி என்று விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். நாமும் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு ஆற்றுப் பக்கம் போங்கள். ஈர மணலில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான வளை தெரிகிறதா? அசையாமல் உட்கார்ந்து கவனியுங்கள். உள்ளே ஒரு குட்டிப் புலி இருக்கலாம்.

அது வாழும் மணலில்தான் ஊற்றுத் தண்ணீரும் ஊறுகிறது. மணலைக் காத்தால் இரண்டும் இருக்கும்.