நீர் வழியும் கண்ணும் வறண்ட கண்ணாகலாம்

நெசவாளிக்கும் உழவருக்கும் கண்ணே முதலாகும். ஜேடர்பாளையம் வட்டாரத்தில் சங்கப் பணியாகச் செல்லுங்கால், கரும்பாலைக் கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவோரும் தறியில் இழை நோக்குவோரும் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துவதாகக் கூறுகின்றனர். நீர் வழிகையில் வறட்சி எவ்வாறு என ஐயுறலாம். கண்ணீர்ப் படலத்தின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. அது குறையின் நீர் விரைந்து ஆவியாகும், உறுத்தல் மிகும், அதனால் நீர் பெருகி வழியும். உற்று நோக்குவோர் இமைப்பது குறைவு; புகையும் தூசும் துன்பத்தை மிகுவிக்கும்.

மருத்துவர் சாயமிட்டுப் பார்க்கையில் படலம் 10 விநாடிக்குள் கலைந்தால் அது குறையே. ஜெர்மானிய மருத்துவர் ஷிர்மர் 1903-இல் வகுத்த சோதனையும் உண்டு. கீழிமையில் செருகிய காகிதக் கீற்று 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டரும் நனையாவிடில் கண்ணீர்ச் சுரப்பு குன்றியதென அறியலாம்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மூடிய இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம், இடையிடையே இமைத்தல், புகை வீசும் பக்கம் நில்லாமை ஆகியவை பெரும்பாலோர்க்குப் பயன் தரும். ஆனால் கடையில் தாமே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டுச் சொட்டை நெடுநாள் இடுதல் தகாது. அதனால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை கெடக்கூடும். அவ்வாறு இழந்த பார்வை மீளாது. ஆதலின் அங்கத்தினர்கள் முதலில் கண் மருத்துவரை நாடுவார்களாக.