மரியா சபீனாவும் மாத்திரையும்

மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், மலைச்சரிவில் மேகம் இறங்கி உட்காரும் ஊர் ஹுவாவ்ட்லா தெ ஹிமேனெஸ். 1962இல் அங்கே ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. சோதித்தவர் மரியா சபீனா என்னும் மசாத்தெக் மூதாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். சோதனைக்கு உள்ளானது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவனம் தயாரித்த மாத்திரை. அதைக் கொண்டுவந்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன், எல்.எஸ்.டி.யை உருவாக்கிய அதே வேதியியலர். மசாத்தெக் மக்கள் உண்ணும் காளானிலிருந்து சைலோசைபின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, பிறகு ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகவும் செய்து முடித்திருந்தார். காளானும் மாத்திரையும் ஒன்றுதானா என்று சொல்லத் தகுதியானவர் அந்த அம்மாள்தான் என்று தேடி வந்துவிட்டார்.

மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் நிகழவில்லை. மரியா சபீனாவுக்கு அதிருப்தி. காளானை மெல்லும்போது வாயிலிருந்தே சாரம் உடலில் இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரையோ வயிற்றுக்குப் போய்க் கரைய வேண்டும். இன்னும் சில மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அதன்பின் இரவு முழுக்கப் பாட்டும் வேண்டுதலுமாகப் போயிற்று. விடியும் நேரத்தில், மாத்திரைக்கும் காளானின் அதே சக்தி இருக்கிறது என்று சொல்லி அவர் விடைகொடுத்தார். பரிசாகக் கிடைத்த ஒரு குப்பி மாத்திரையில் அவருக்கு மகிழ்ச்சி; காளான் முளைக்காத மாதங்களிலும் இனி நோயாளிகளைப் பார்க்கலாமே.

ஹாஃப்மன் இதைத் தன் வேதியியலுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டார். அது நியாயம்தான். ஆனால் மாத்திரையைத் தவிர அந்த இரவுக்கு வேண்டிய எல்லாவற்றையும், இருட்டு, பாட்டு, யாரை எதற்காக உட்காரவைப்பது என்ற தெரிவு உட்பட, மரியா சபீனாவே கொண்டுவந்திருந்தார். அதற்குப் பின் வந்த சட்டங்களும் காப்புரிமைகளும் பெரும்பாலும் மாத்திரைக்குள் இருந்ததைத்தான் கணக்கில் எடுத்தன.

முதலில் காளான்களைப் பார்த்துவிடுவோம். சைலோசைபின் உள்ள காளான் இனங்கள் உலகில் 200க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை சைலோசைபி என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினத்துக்கு 1983இல் பெருநூல் எழுதி ஒழுங்கு செய்தவர் மெக்சிகோவின் கஸ்தோன் குஸ்மான். மெக்சிகோவிலேயே இந்த இனங்கள் மிக அடர்த்தி. மசாத்தெக் மலைநாட்டில் ஜூன் மாதம் மழை பிடித்ததும் இவை முளைக்கும். மண் சரிந்த இடங்களில் வருவது தெரும்பே, அதாவது மண்சரிவு. அறிவியல் பெயர் சைலோசைபி செருலெசென்ஸ். புல்வெளியில் வரும் மெலிந்த சிறு காளான் பஹாரீத்தோ, அதாவது சின்னப் பறவை. அது சைலோசைபி மெக்சிகானா. மூன்றாவது, உழவர்களின் காவல் புனிதரான சான் இசித்ரோவின் பெயர் கொண்டது. அது மாட்டுச்சாணத்தில் வளர்கிறது. மசாத்தெக் முதியவர்கள் பலர் அதை ஒருபடி கீழேதான் வைத்தார்கள்.

அந்த மூன்றாவதுதான் சைலோசைபி கியூபென்சிஸ். 1906இல் கியூபாவிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்று உலகத்தின் கள்ளச் சந்தையை ஆள்கிறது. கோல்டன் டீச்சர், பி பிளஸ், மசாட்டபெக் என்று டஜன் கணக்கில் ‘வகைகள்’ விற்கிறார்களே, அவை எல்லாமே இந்த ஒரே இனத்தின் வளர்ப்புப் பிரிவுகள். மசாத்தெக் மக்களின் பெயரைத் திரித்துச் சூட்டிய வகைகூட, அவர்கள் மதிப்பில் கடைசியாக வைத்த இனத்தில்தான் வருகிறது. இன்னொன்று: மாடு அமெரிக்கக் கண்டத்துக்கு ஸ்பானியரோடு வந்த விலங்கு. ஆகவே கொலம்பஸுக்கு முந்தைய சடங்குகளில் இந்தச் சாணக் காளான் முக்கிய இடம் பெற்றிருக்க வாய்ப்பு குறைவு.

இந்தக் குடும்பம் நமக்கும் அந்நியமில்லை. தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரிலும் சைலோசைபி இனங்கள் உண்டு. 2002இல் கேரள, மெக்சிகோ ஆய்வாளர்கள் சேர்ந்து விவரித்த ஓர் இனத்துக்கு வயநாட்டின் பெயர். கொடைக்கானலில் இவற்றை வைத்து நடக்கும் ரகசிய வியாபாரமும் காவல்துறையின் கைதுகளும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். ஈரக்காட்டில் முளைக்கும் சிறு பழுப்புக் காளானைப் பார்வையால் மட்டும் பிரித்தறிவது அபாயம். கேலரினா மார்ஜினேட்டா என்ற காளான் இவற்றைப் போலவே தோன்றும். அதில் இருப்பது கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின்.

மசாத்தெக் மக்கள் சைலோசைபின் காளானை வேடிக்கைக்கு உண்டதில்லை. வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய், காணாமல் போன பொருள், ஊரைவிட்டுப் போன பிள்ளையின் செய்தி என்று ஏதேனும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கேள்வியோடு அறிவுடையவரிடம் போவார்கள். அவர்களை மசாத்தெக் மொழியில் சோத்தா சினே என்கிறார்கள். இரவில், புனிதர் படங்கள் வைத்த பலிபீடத்தின் முன், கோபல் சாம்பிராணிப் புகையில் காட்டி, காளானை ஜோடி ஜோடியாகக் கொடுப்பார்கள். பிறகு மெழுகுவத்திகள் அணைக்கப்படும். நோயாளி உண்ணுவதைவிட வைத்தியர் உண்ணுவது அதிகமாக இருப்பதும் உண்டு. நம் ஊர் மருத்துவர் யாரேனும் நோயாளிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானும் அதிகமாக விழுங்குவதாக நினைத்துப் பாருங்கள்! முன்னும் பின்னும் நாலு நாள் விரதம், உடலுறவு விலக்கு. வெலாதா என்ற இந்த இரவு விழிப்பில் கத்தோலிக்கப் புனிதர்களும் மலைத் தெய்வங்களும் ஒரே பாட்டில் வந்துபோவார்கள்.

இது எப்படி வெளியே தெரிந்தது? 16ஆம் நூற்றாண்டில் பாதிரியார் பெர்னார்தினோ தெ சகாகுன், ஆஸ்டெக் மக்கள் தேனோடு காளான் உண்டு காட்சிகள் கண்டதை எழுதிவைத்தார். திருச்சபை அதைப் பேய்ப் பழக்கமாகக் கண்டது. பழக்கம் மலைக்குள் ஒதுங்கியது. 1915இல் வில்லியம் சாஃபோர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலர், அப்படிக் காளானே கிடையாது, சகாகுன் பார்த்தது காய்ந்த பெயோட்டே கள்ளி என்று எழுதிவிட்டார். ஒரு பெரிய ஆள் சொன்னால் எப்பேர்ப்பட்ட தவறும் இருபது வருடம் தாங்கும். 1930களில் ராபர்ட் வைட்லானரும், ரிச்சர்ட் எவன்ஸ் ஷூல்டஸும் ஹுவாவ்ட்லாவிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்த பிறகே அந்தக் கருத்து விழுந்தது. பிறகு உலகப்போர் வந்து, விஷயம் அலமாரிக்குள் போயிற்று.

அலமாரியைத் திறந்தவர் ஒரு வங்கியாளர். ஜே.பி. மார்கன் நிறுவனத்தின் துணைத்தலைவர் கார்டன் வாஸ்ஸன். குழந்தை மருத்துவரான அவர் மனைவி வாலெண்டினா ரஷ்யாவில் பிறந்தவர். காளான் என்றால் உயிர். கணவருக்கோ அருவருப்பு. இந்த வேறுபாட்டைத் துரத்திப் போய் இருவரும் காளான் ஆராய்ச்சியாளர்களே ஆகிவிட்டார்கள். 1955 ஜூன் 29 இரவு ஹுவாவ்ட்லாவில் வாஸ்ஸனும் புகைப்படக்காரர் ஆலன் ரிச்சர்ட்சனும் ஆளுக்கு ஆறு ஜோடி காளான் உண்டார்கள். மரியா சபீனா பதின்மூன்று ஜோடி. ஊர் அதிகாரியின் பரிந்துரையோடு வந்தவர்களை அவரால் மறுக்க முடியவில்லை. கேள்வி இல்லாமல் வெலாதா கிடையாதே என்பதற்காக வாஸ்ஸன் தன் மகனைப் பற்றிய கவலையைச் சொன்னார்.

1957 மே 13 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில் அந்த இரவைப் பற்றி வாஸ்ஸன் எழுதிய கட்டுரை வந்தது. மரியா சபீனாவின் பெயரை மாற்றியிருந்தார், மக்களின் பெயரையும் மறைத்திருந்தார். ஆனால் படங்கள் இருந்தன; லட்சக்கணக்கான வாசகர்களும் இருந்தார்கள். ‘மேஜிக் மஷ்ரூம்’ என்ற பெயர் அந்த இதழின் ஆசிரியர் குழு தலைப்புக்காகச் சூட்டியது. இடையில் ஒரு சின்ன அசிங்கமும் உண்டு. 1956இல் வாஸ்ஸனின் பயணக்குழுவில் சேர்ந்த ஜேம்ஸ் மூர் என்ற வேதியியலர் உண்மையில் சி.ஐ.ஏ.வின் ஆள். மனத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளைத் தேடிய எம்.கே.அல்ட்ரா திட்டத்துக்காக அனுப்பப்பட்டவர். பயணத்துக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையும் அந்த நிறுவனத்தின் முகமூடி. அவர் சாரத்தைப் பிரிக்கும் முன் ஹாஃப்மன் முந்திக்கொண்டார்.

பாரிஸில் ரோஜே ஹைம் என்ற பூஞ்சையியலர் வாஸ்ஸனோடு மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த காளான்களை வளர்த்துக் கொடுத்தார். ஹாஃப்மன் முதலில் விலங்குகளில் பார்த்தார். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த மெக்சிகானா காளான் 32ஐத் தானே தின்றார். ரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்த மருத்துவர் ஆஸ்டெக் பூசாரியாகத் தெரிந்ததாகப் பின்னர் எழுதினார். 1958இல் சைலோசைபினும் சைலோசினும் பெயர் பெற்றன.

சைலோசைபின் உடலுக்குள் நேராக வேலை செய்வதில்லை. அதன் முனையில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டியிருக்கிறது. உடலின் நொதிகள் அதைக் கழற்றியதும் சைலோசின் கிடைக்கிறது. அதன் வடிவம் செரடோனினுக்கு மிக நெருக்கம் என்பதால் மூளையின் 5-எச்.டி.2ஏ ஏற்பிகளில் போய் அமர்கிறது. காளான் இதைச் செய்ய எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள், நம் உணவில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். அதிலிருந்து நான்கு நொதிகள் எப்படிச் சைலோசைபினை உருவாக்குகின்றன என்பதை 2017இல் ஜெர்மனியின் யேனா நகரில் டிர்க் ஹாஃப்மைஸ்டரின் குழு காட்டியது. காளானைக் கிள்ளினால் அந்த இடம் நீலமாக மாறும் மர்மத்தையும் இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுதான் அவிழ்த்தது. காயம் பட்டதும் ஒரு நொதி பாஸ்பேட்டைப் பிய்க்கிறது, இன்னொன்று சைலோசின் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றி ஒன்றோடொன்று கோக்கிறது. அந்தக் கோவைக்குத்தான் நீலம்.

காளானுக்கு இதனால் என்ன லாபம்? பூச்சிகளின் வாயிலிருந்து தப்பிக்க என்பது பரவலான ஊகம். சாணத்திலும் மக்கும் மரத்திலும் பூச்சிகளோடு போட்டியிட்டு வாழும் காளான்களிடையே இந்த மரபணுக் கூட்டம் இனம் விட்டு இனம் தாவியிருக்கிறது என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. அதோடு கதை முடிந்தது என்று பார்த்தால், 2025இல் ஹாஃப்மைஸ்டர் குழு மறுபடி வந்தது. இனோசைபி என்ற வேறொரு பேரினம், முற்றிலும் வேறு நொதிகளைக் கொண்டு, வேறு வழியில் நடந்து, அதே சைலோசைபினை வந்தடைகிறது! இயற்கை இந்த மூலக்கூறை ஒருமுறைக்கு இருமுறை தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஊகங்களில் எது சரி என்றாலும், மனிதனின் மனம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹுவாவ்ட்லாவுக்கு 1960களில் ஹிப்பிகள் வந்து குவிந்தார்கள். கேள்வியும் விரதமும் இல்லாமல் பட்டப்பகலில் காளான் தின்றார்கள். ஊருக்குப் போகும் வழியை ராணுவம் அடைத்தது. மரியா சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. காவலர்களின் தொல்லையும் வந்தது. வெளியார் வந்தபின் தன் ‘புனிதக் குழந்தைகள்’, அதாவது காளான்கள், சக்தி இழந்துவிட்டதாக அவர் சொன்னதை, ஆல்வாரோ எஸ்த்ராதா என்ற மசாத்தெக் எழுத்தாளர் 1977இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் படிக்கலாம். 1985இல் ஏழையாகவே இறந்தார். இன்று ஹுவாவ்ட்லாவின் டாக்சிகளில் அவர் முகம் இருக்கிறது.

சட்டம் 1971இல் உலகளவில் வந்தது. ஐ.நா.வின் மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கை சைலோசைபினையும் சைலோசினையும் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான வரிசையில், வைத்தது. காளானின் பெயர் அதில் இல்லை, மூலக்கூறின் பெயர்தான். 32ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது: சிறு குழுக்கள் மரபாகச் சடங்கில் பயன்படுத்தும் காட்டுத் தாவரங்களுக்கு ஒரு நாடு விலக்கு கேட்கலாம். மெக்சிகோ கேட்டது. மெக்சிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்தின் 195 பிஸ் பிரிவின்படி, பழங்குடி மக்களின் சடங்குக்கும் வழக்கத்துக்கும் என்று கருதத்தக்க காளானை வைத்திருந்தால் வழக்கு இல்லை. அதே காளான் சுற்றுலாப் பயணியின் பையில் இருந்தால் குற்றம்.

மற்ற நாடுகள் வேறு வேறு பக்கம் இழுக்கின்றன. நெதர்லாந்து 2008 டிசம்பரில் காளானைத் தடைசெய்தது. அதே பூஞ்சை மண்ணுக்கடியில் உருட்டும் கட்டிகளை விட்டுவிட்டது, அவை இன்றும் கடையில் கிடைக்கும். ஓரிகன் மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் கண்காணிப்போடு கூடிய பயன்பாட்டை அனுமதித்தது, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இன்னும் தடையில் நிற்கிறது. மற்ற மருந்துகள் பலன் தராத மனச்சோர்வுக்கு ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களை எழுதிக்கொடுக்க விடுகிறது. இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் சட்டம் பெயர் சொல்வது மூலக்கூறை மட்டும்தான். தண்டனையைக் கணக்கிட, பிடிபட்ட காளானின் முழு எடையையும் எடுப்பதா, உள்ளிருக்கும் சைலோசைபினின் எடையை மட்டுமா? 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவில், காளானைக் ‘கலவை’ என்று கருத முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

காப்புரிமைகளின் கதை வேறு. கம்பாஸ் பாத்வேஸ் என்ற நிறுவனத்துக்கு சைலோசைபினின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்தைச் சார்ந்து அமெரிக்கக் காப்புரிமை 2019 இறுதியில் கிடைத்தது. மசாத்தெக் மக்களுக்கு அதில் பங்கு கேட்க வழியுண்டா? ஒரு நாட்டின் உயிர்வளத்தையும் அதைச் சார்ந்த மரபறிவையும் எடுப்பவர்கள் பலனைப் பகிர வேண்டும் என்கிற நகோயா நெறிமுறை அதற்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றும். அது நடைமுறைக்கு வந்தது 2014 அக்டோபரில். ஹைமின் வளர்ப்புக் குடுவைகளுக்கு அப்போது அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. நெறிமுறைக்கு மெக்சிகோ உறுப்பு நாடு. காப்புரிமை வழங்கிய அமெரிக்கா அதற்குத் தாயான பல்லுயிர் உடன்படிக்கையில்கூட உறுப்பு நாடு இல்லை.