வாசனை எண்ணெயில் அழகுப் பொருள் செய்வோர் கவனத்திற்கு: அளவு தவறினால் தோலும் தொழிலும் பாதிக்கும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரையான கரையோர ஊர்களில் வீட்டிலிருந்தபடியே சவர்க்காரம், முகக் கிறீம், தலைக்கு வைக்கும் எண்ணெய் என்பவற்றைச் செய்து விற்கும் பெண்கள் உள்ளனர். குறைந்த முதலுடன் ஆரம்பிக்கக்கூடிய சுயதொழில் இது. பிள்ளைகளின் படிப்புச் செலவையும் வீட்டுச் செலவையும் இதைக்கொண்டே சமாளிக்கும் குடும்பங்களும் உண்டு. 'இரசாயனம் இல்லை, எல்லாம் இயற்கை' என்ற வசனமே இப்பொருட்களை அதிகமாக விற்றுக்கொடுக்கின்றது.

ஆனால் ஆபத்தும் அந்த வசனத்தில்தான் இருக்கின்றது. இயற்கையானது என்பதால் எவ்வளவு சேர்த்தாலும் தீங்கில்லை என்று செய்பவரும் நம்புகின்றார், வாங்குபவரும் நம்புகின்றார். வாசனை எண்ணெய்களைப் பொறுத்தவரை இது மிகத் தவறான நம்பிக்கையாகும்.

வாசனை எண்ணெய் என்பது என்ன?

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பிழிந்து எடுக்கப்படுபவை. அவற்றைத் தோலில் நேரடியாகப் பூசலாம். கடைகளில் 'எசென்ஷல் ஒயில்' என்ற பெயரில் சிறிய போத்தல்களில் கிடைப்பது வேறு. இலை, பட்டை, பூ போன்றவற்றை நீராவியில் வடித்து, அவற்றின் வாசனையை மாத்திரம் பிரித்தெடுத்த சாறு அது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுப்பதற்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ்கள் தேவைப்படுகின்றன. ஒரு சொட்டில் எவ்வளவு செறிவு அடங்கியிருக்கின்றது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நமது நாட்டுக் கறுவாவையே எடுத்துக்கொள்வோம். காலி, மாத்தறைப் பகுதிகளில் பட்டை உரித்த பின்னர் எஞ்சும் இலைகளிலிருந்து கறுவா இலை எண்ணெய் வடிக்கப்படுகின்றது. அதில் பெரும்பகுதி இயூஜினோல் என்னும் பொருளாகும். கராம்பு எண்ணெயிலும் பிரதானமாக இருப்பது அதுவே. பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் வைத்தவர்களுக்கு முரசு எரிந்த அனுபவம் இருக்கும். கறுவாப் பட்டை எண்ணெயில் பிரதானமாக உள்ளது சினமல்டிஹைட். இது தோலுக்கு இயூஜினோலை விடவும் கடுமையானது. ஆகவே 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் கேட்டு வாங்காமல், இலையா பட்டையா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இரண்டு வகையான பாதிப்பு

முதலாவது எரிச்சல். அளவு கூடினால் தோல் சிவக்கும், எரியும். பாவனையை நிறுத்தினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

இரண்டாவது ஒவ்வாமை. இதுவே நாம் அதிகம் பயப்பட வேண்டியது. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நன்றாகவே பூசிக்கொண்டிருப்பார்கள். அதற்கிடையில் உடல் அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டு பழகிவிடும். பின்னர் ஒருநாள் கடியும் தடிப்பும் தொடங்கும். ஒருமுறை இவ்வாறு பழகிய உடல் பொதுவாக வாழ்நாள் முழுவதும் அதை மறப்பதில்லை. அதே பொருள் வேறொரு கம்பனியின் சம்பூவிலோ அத்தரிலோ இருந்தாலும் மீண்டும் தடிக்கும். 'நான் ஒரு மாதம் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை' என்பது இதனால்தான் போதுமான உத்தரவாதமாகாது.

எவ்வளவு சேர்க்கலாம்?

முகத்திற்குப் பூசுபவற்றில் மொத்த வாசனை எண்ணெய் 1 வீதத்தைத் தாண்டாதிருப்பதும், உடம்புக்குப் பூசுபவற்றில் 2 வீதத்துடன் நிறுத்திக்கொள்வதும் பாதுகாப்பானது. சில எண்ணெய்களுக்கு இதனை விடவும் குறைந்த எல்லை உண்டு. இத்துறையில் பலரும் பின்பற்றும் ரொபர்ட் டிஸரண்ட், ரொட்னி யங் ஆகியோரின் நூலின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு, தோலில் பூசும் பொருட்களுக்குப் பின்வரும் உச்ச அளவுகளைத் தருகின்றது: கறுவா இலை எண்ணெய் 0.6 வீதம், கராம்பு மொட்டு எண்ணெய் 0.5 வீதம், லெமன் கிராஸ் எண்ணெய் 0.7 வீதம், கறுவாப் பட்டை எண்ணெய் 0.07 வீதம். கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் கூட இல்லை. வீட்டில் தொழில் செய்பவர்கள் பட்டை எண்ணெயைத் தோலுக்கான பொருட்களில் அறவே தவிர்ப்பது நல்லது.

கணக்கு இலகுவானது. ஒரு மில்லிலீற்றர் என்பது ஏறத்தாழ 20 சொட்டு. 30 மில்லி போத்தலுக்கு 1 வீதம் என்றால் 6 சொட்டு. கராம்பு என்றால் 3 சொட்டு மாத்திரமே. எனினும் எண்ணெய்க்கு எண்ணெய், சொட்டுக் குழாய்க்குக் குழாய் சொட்டின் அளவு மாறும். விற்பனைக்குச் செய்பவர்கள் நகைக்கடைகளில் பாவிப்பது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசொன்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. 10 மில்லி வாசனை எண்ணெயை 5 வீதம் என்ற அளவில் கலந்தால் 30 மில்லி போத்தல்கள் ஆறுதான் நிரம்பும். 1 வீதம் என்றால் 33 போத்தல்கள். நமது செலவில் விலை கூடிய பொருள் இந்த வாசனை எண்ணெயே. அளவைக் குறைப்பதனால் வாங்குபவரின் தோலும் தப்பும், நமது இலாபமும் கூடும்.

வெயிலும் வெப்பமும்

தேசிக்காய் எண்ணெய், அத்தர்களில் சேரும் பேர்கமொட் எண்ணெய் போன்றவை தோலைப் பிழிந்து எடுக்கப்பட்டவையாயின், வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கருமையான தழும்புகளை ஏற்படுத்தக்கூடியவை. கழுத்தில் அத்தர் பூசிக்கொண்டு நண்பகல் வெயிலில் நடப்பவர்களுக்குச் சில வேளைகளில் வரும் கறுப்புப் படைக்கு இதுவும் ஒரு காரணமாகும். எனவே பகலில் பூசும் கிறீம்களில் இவ்வெண்ணெய்களைச் சேர்க்க வேண்டாம். நீராவியில் வடித்த தேசிக்காய் எண்ணெயில் இப்பிரச்சினை இல்லை. வாங்கும்போது எவ்வகை என்று கேட்டறிய வேண்டும். அத்தரைத் தோலில் பூசாமல் உடுப்பில் பூசுவதே உசிதமானது.

காற்றும் வெப்பமும் பட்டால் வாசனை எண்ணெய் பழுதாகும். பழுதான எண்ணெயே அதிகம் ஒவ்வாமையைத் தரும். குறிப்பாக டீ ட்ரீ, தோடம்பழம், தேசிக்காய் எண்ணெய்கள் விரைவில் பழுதாகின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் தகரக் கூரையின் கீழ் போத்தலை வைத்திருப்பது அதைக் கெடுப்பதற்குச் சமம். கடும் நிறக் கண்ணாடிப் போத்தலில், இறுக மூடி, குளிரான இருட்டான இடத்தில் வைத்து, திறந்த திகதியை மூடியில் எழுத வேண்டும்.

தண்ணீருடன் கலக்காது

வாசனை எண்ணெய் நீரில் கரைவதில்லை. பன்னீரில் சில சொட்டு விட்டு, குலுக்கி முகத்தில் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் மேலே மிதந்து, கலப்பற்ற சொட்டாகவே தோலிலும் கண்ணிலும் படும். முதலில் தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் கலந்தே பாவிக்க வேண்டும். தண்ணீர் சேர்த்துச் செய்யும் கிறீம்களுக்கு, கிருமி வளராமல் தடுக்கும் பொருளும் அவசியம். வாசனை எண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

கைக்குழந்தைகளுக்கான பொருட்களில் வாசனை எண்ணெய் வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெயையும் கற்பூரத்தையும் சிறு பிள்ளைகளின் முகத்திலோ மூக்கின் அருகிலோ பூசுவது மூச்சுக்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் தோல் நோய்க்கு மருந்து பாவிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டே பாவிக்க வேண்டும். போத்தல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

புதிய பொருளைப் பாவிக்க முன்னர், முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு பூசி 48 மணித்தியாலங்கள் பார்க்குமாறு வாங்குபவருக்குச் சொல்லுங்கள். சிவப்போ கடியோ ஏற்பட்டால் பாவிக்க வேண்டாம்.

லேபலும் சட்டமும்

பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, தயாரிப்பாளரின் முகவரி என்பன லேபலில் இருக்க வேண்டும். பாவனையாளரைப் பாதுகாக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன்கீழ் அமைந்ததே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 'எக்ஸிமா மாறும்', 'படை போகும்' என்று போட்டால் அது அழகுப் பொருள் என்ற நிலையிலிருந்து மருந்து என்ற நிலைக்குப் போய், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். நோய் தீர்ப்பதாக எழுதவே வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுவோருக்கு மற்றொரு விடயம். ஐரோப்பிய ஒன்றியம் இயூஜினோல், லிமோனீன் உட்பட 26 வாசனைப் பொருட்களின் பெயர்களை, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லேபலில் எழுத வேண்டும் என 2005 முதல் கட்டாயமாக்கியது. 2023 இல் அப்பட்டியல் எண்பதையும் தாண்டி விரிவாக்கப்பட்டது. இயற்கை எண்ணெயிலிருந்து வந்தாலும் இவ்விதி பொருந்தும்.

கடைசியாக ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு முறை செய்யும்போதும் திகதி, தொகுதி இலக்கம், எந்த எண்ணெய், எத்தனை கிராம், எங்கு வாங்கியது என்பதை எழுதி வையுங்கள். ஒருவர் முறைப்பாடு சொன்னால், அந்தத் தொகுதியின் விற்பனையை உடன் நிறுத்தி, விற்ற போத்தல்களைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுத்துவிடுங்கள். எமது ஊர்களில் விளம்பரத்தை விட வாய்ச் சொல்லே வேகமாகப் பரவும். ஒரு பெண்ணின் முகம் தடித்த செய்தி மாலைக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். தவறை ஏற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த செய்தியும் அவ்வாறே போய்ச் சேரும்.