உங்களுக்குத் தெரியுமா? – அலெக்சாந்திரியா ஸ்பெஷல்

கி.மு. 331இல் எகிப்தின் கடலோரத்தில் மாவீரன் அலெக்சாந்தர் நிறுவிய நகரம் அலெக்சாந்திரியா. கப்பலும் வணிகமும் அதன் பிழைப்பு. வேதமும் தத்துவமும் அங்கே சரக்கு மூட்டைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தன. அந்த ஊர் யூதர்களையும் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களையும் பற்றிச் சில சுவையான தகவல்கள்:

● நகரத்தின் ஐந்து வட்டாரங்களுக்கும் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று கிரேக்க எழுத்துகளே பெயர். அவற்றில் இரண்டை ‘யூதர் வட்டாரம்’ என்றே சொல்வார்கள். மற்ற மூன்றிலும் ஆங்காங்கே யூதக் குடும்பங்கள் இருந்தன.

● எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழிக்கு வந்தது இங்கேதான். 72 அறிஞர்கள் ஃபாரோஸ் தீவில் தங்கி 72 நாளில் முடித்தார்கள் என்பது மரபுக்கதை. அதைக் கொண்டாட ஆண்டுதோறும் தீவில் திருவிழா நடந்தது. யூதர்களோடு மற்றவர்களும் படகேறிப் போவார்கள். வழிபாடு முடிந்ததும் சிலர் கரையில் கூடாரம் போடுவார்கள். சிலர் உற்றார் உறவினரோடு வெறும் மணலிலேயே விருந்து சாப்பிடுவார்கள்.

● இங்கிருந்த பெரிய தொழுகைக்கூடத்தில் ஜெபம் சொல்பவரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டாதாம். நடுவில் மரமேடை மீது ஒருவர் துணியோடு நிற்பார். அவர் அதை வீசினால் கூட்டம் மொத்தமும் ‘ஆமென்’ சொல்லும். பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர், கொல்லர், நெசவாளர் எனத் தொழிலுக்குத் தொழில் தனித்தனி இருக்கை. ஊருக்குப் புதிதாக வந்த நெசவாளி நேராக நெசவாளர் வரிசையில் போய் உட்காரலாம். அங்கேயே வேலையும் கிடைத்துவிடும். இவ்வளவும் யூத மரபு நூல்கள் தரும் செய்தி.

● யூதத் தத்துவஞானி ஃபிலோவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெரும் செல்வந்தர். எருசலேம் கோயிலின் ஒன்பது வாயில்களுக்குப் பொன்னும் வெள்ளியும் வேய்ந்து கொடுத்தவர் அவர்தான். அவருடைய மகன் திபேரியு ஜூலியஸ் அலெக்சாந்தரோ மூதாதையர் மதத்தை விட்டு ரோமானிய அதிகாரியானார். கி.பி. 70இல் அதே கோயிலைத் தரைமட்டமாக்கிய ரோமப் படையில், தளபதி டைட்டஸுக்கு அடுத்த நிலையில் இருந்தார்!

● கி.பி. 38இல் நகரத்தில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. நியாயம் கேட்க ரோமுக்குப் போன தூதுக்குழுவின் தலைவர் ஃபிலோ. பேரரசர் கலிகுலா மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தபடியே விசாரித்தார். மாடிக்கும் கீழுக்குமாகத் தூதர்கள் பின்னால் ஓட, அவர் கேட்ட கேள்வி: “நீங்கள் ஏன் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை?”

● செங்கடல் துறைமுகங்களோடு நடந்த வணிகத்தின் ரசீதுகள் பானை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வரும் மார்க்கஸ் ஜூலியஸ் அலெக்சாந்தர், ஃபிலோவின் இன்னொரு சகோதர மகன் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அத்துறைமுகங்களில் ஒன்றான பெரெனிகேயில் இந்தியப் பானை ஒன்றுக்குள் சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. இன்னொன்றான குசேர் அல் காதிமில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கிடைத்துள்ளன.

● அலெக்சாந்திரியக் கிறிஸ்தவப் பள்ளியின் ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியாவுக்குப் பயணம் போனதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். பந்தேனுஸின் மாணவர் கிளமெந்து தம் நூலில் புத்தரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். முத்திரை மோதிரத்தில் என்ன பொறிக்கலாம் என்றும் அவர் பட்டியல் போட்டார். புறா, மீன், பாய்விரித்த கப்பல், யாழ், நங்கூரம் எல்லாம் சரி. வாளும் மதுக்கிண்ணமும் கூடாது!

● கிறிஸ்தவ விசுவாசத்துக்காகத் தந்தை சிறைப்பட்டதும் தானும் உயிர்த்தியாகம் செய்யத் துடித்தான் சிறுவன் ஒரிஜன். தாய் அவனுடைய துணிமணிகளை ஒளித்துவைத்துவிட்டார். பையன் வெளியே போக முடியவில்லை. வளர்ந்து பேரறிஞரானபோது, அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுக்க ஏழு பேருக்கு மேல் முறை வைத்து உட்கார்ந்தார்கள். படியெடுக்கத் தனி ஆட்கள். அழகாக எழுதப் பயின்ற இளம்பெண்களும் இருந்தார்கள். சம்பளம் முழுக்க அம்புரோஸ் என்ற செல்வர் தந்தது.

● இயேசுவின் இறைத்தன்மை பற்றி இவ்வூர்க் குரு ஆரியுஸ் சொன்ன கருத்தால்தான் கி.பி. 325இல் நைசியா பொதுச்சங்கம் கூடியது. தம் கருத்து மக்களிடம் பரவ அவர் பிடித்த வழி பாட்டு. மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடுவதற்கென்றே அவர் பாட்டுக் கட்டினாராம்.

● புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும், ஒன்று கூடாமல் குறையாமல் வரிசைப்படுத்திய முதல் பட்டியல் கி.பி. 367இல் வந்தது. அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் தம் ஈஸ்டர் சுற்றுமடலில் அதை எழுதினார்.

● நற்செய்தியாளர் மாற்குவின் உடலை 828இல் வெனிஸ் வணிகர்கள் இங்கிருந்து கடத்திப் போனார்களாம். கூடையின் மேலே பன்றிக்கறியைப் பரப்பியதால், முஸ்லிம் சுங்க அதிகாரிகள் முகம் சுளித்து ‘பன்றி, பன்றி’ என்று கத்தி விட்டுவிட்டார்களாம். வெனிஸின் புனித மாற்கு பேராலயத்துச் சுவரில் இந்தக் காட்சியை இன்றும் வண்ணக்கல் ஓவியமாகப் பார்க்கலாம். திருட்டைத் தேவாலயச் சுவரிலேயே பெருமையாகப் பதித்த ஊர் அது!