சுவரில் சிரிக்கும் முகங்கள்

சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரைப் பார்த்திருக்கிறீர்களா? நகரின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. 2020ஆம் ஆண்டு நடந்த கலை விழாவில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். சென்னை ஓவியர் ஏ-கில், சிரிக்கும் சிறுவர் இருவரை வரைந்தார்.

சுவரை ஒட்டி நிற்பவருக்கு முழு முகமும் தெரியாதே! பிறகு கண்ணும் மூக்கும் உரிய இடத்தில் அமைவது எப்படி?

இதற்குப் பழைய வழி, கட்டம் போடுதல். 40 செ.மீ. உயரமுள்ள படத்தை 12 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது 30 மடங்கு. படத்தின் மேல் 2 செ.மீ. கட்டங்கள் போட்டால், சுவரில் 60 செ.மீ. கட்டங்கள் வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து வரைய வேண்டியதுதான். வண்ணமும் 30 மடங்கு போதுமா? போதாது! பரப்பு 30 × 30 = 900 மடங்காகிவிடுகிறது.

இன்று பலர் கட்டங்களுக்குப் பதிலாகச் சுவரெங்கும் கிறுக்கி, அதைப் புகைப்படம் எடுக்கிறார்கள். கணிப்பொறியில் அதன்மேல் ஓவியத்தைப் பொருத்துகிறார்கள். எந்தக் கிறுக்கலருகே கண் வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறங்களை மங்கச் செய்யும். ஈரம் பூச்சை உரிக்கும். எனவே உங்கள் ஊரிலும் சுவரோவியம் இருந்தால், இப்போதே போய்ப் பாருங்கள். வரைந்தவர் யார், வரையப்பட்டவர் யார் என்று அத்தெருவாசிகளைக் கேளுங்கள். பிறகு பள்ளிக் கரும்பலகையில் கட்டம் போட்டு, உங்கள் நண்பனின் முகத்தை வரைந்து பாருங்களேன்!