கூடப் படிக்கிறவரோடு பேசுங்கள்!

"தலைவலி டாக்டர், ராத்திரியில தூக்கமே இல்லை" என்று வந்தார் ஒரு இல்லத்தரசி. நாடி பார்த்தேன், குறை தெரியவில்லை. கண் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. பேச்சுக் கொடுத்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையக் கல்வியில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். நாலாவது வாரம் ஒரு கணக்கு புரியவில்லை. கேட்க ஆளில்லை. 'நமக்குத்தான் மண்டையில ஏறலை' என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கியிருக்கிறார். இதற்குச் சூரணம் எதுக்குங்க?

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படிக்கிறார்களா? பாடப் பக்கத்திலேயே சந்தேகம் எழுத இடம் உண்டு. 'புரியலை' என்று மொட்டையாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த வாரம், எந்தக் கணக்கு, எதுவரை புரிந்தது என்று எழுதணும். ஆசிரியர் குழு மட்டுமல்ல, கூடப் படிப்பவர்களும் பதில் போடலாம். போன் நம்பரை மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள்.

பழகிய பிறகு நாலைந்து பேர் வாட்ஸ்அப்பில் சேருங்கள். கூட்டம் பெருத்தால் 'குட்மார்னிங்' படங்களுக்கு நடுவே கேள்வி காணாமல் போய்விடும். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், குரல் அழைப்பில் பேசலாம்; கண்ணுக்கும் ஓய்வு. ஆளுக்கொரு பகுதியை மற்றவர்களுக்கு விளக்கட்டும். விளக்குகிறவருக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும்! வீட்டுப்பாட விடையைக் கைமாற்றாதீர்கள். பரீட்சையைத் தேர்வு மையத்துக்குப் போய்த் தனியாகத்தானே எழுதணும்?

அந்த அம்மா இப்போது ஞாயிறு மாலைகளில் மூன்று பேரோடு பேசிப் படிக்கிறார். நான் எழுதிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் மட்டும்தான்.