புரதம் இல்லாமலே வெட்டும் ஆர்.என்.ஏ

நொதி என்றால் புரதம்தான் என்று 1980 வாக்கில் உயிர்வேதியியலாளர்கள் பெரும்பாலும் உறுதியாக நம்பினார்கள். ஆர்.என்.ஏ வெறும் செய்தி சுமக்கும் இழை. அந்த நம்பிக்கையைக் குலைத்தது டெட்ராஹைமினா என்ற நன்னீர் ஒருசெல் உயிரி.

அதன் ஆர்.என்.ஏ ஒன்றின் நடுவில் சுமார் 400 எழுத்து நீளத்தில் வேண்டாத துண்டு ஒன்று உண்டு. அது வெட்டி எறியப்பட்டு முனைகள் ஒட்டப்படும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் செக் குழுவினர் அந்த வெட்டும் நொதியைத் தேடினார்கள். செல் சாறு சேர்க்காத குழாயிலும் வெட்டு நடந்தது! ஏதோ புரதம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கொதிக்க வைத்தார்கள். புரதத்தைச் செரிக்கும் நொதிகளை ஊற்றினார்கள். நிற்கவில்லை. கடைசியில் டெட்ராஹைமினாவின் வாசமே படாத ஆர்.என்.ஏவைச் சோதனைக் குழாயில் தயாரித்தார்கள். அதுவும் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982இல் அதற்கு ரைபோசைம் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தின் சிட்னி ஆல்ட்மன் குழு, பிற மூலக்கூறுகளை அடுத்தடுத்து வெட்டியும் தான் மாறாமல் இருக்கும் ஆர்.என்.ஏவைக் காட்டியது. கறாராகப் பார்த்தால் நொதி என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது.

புரதத்திடம் 20 வகை அமினோ அமிலங்கள் இருக்க, நான்கே எழுத்துகளை வைத்துக்கொண்டு ஆர்.என்.ஏ எப்படிச் சமாளிக்கிறது? மடிந்துதான். செடிகளைத் தாக்கும் வைராய்டுகளில் காணப்படும் 'சுத்தியல் தலை' ரைபோசைமைப் பார்ப்போம். ஆர்.என்.ஏவின் சர்க்கரையில் டி.என்.ஏவுக்கு இல்லாத ஒரு ஹைட்ராக்சில் உண்டு. அதன் ஆக்சிஜன் அடுத்துள்ள பாஸ்பரஸைத் தாக்கினால் இழை அறும். ஆனால் தாக்கும் ஆக்சிஜனும் பாஸ்பரஸும் விலக வேண்டிய ஆக்சிஜனும் நேர்கோட்டில் வர வேண்டும். தளர்ந்து மிதக்கும் இழையில் அது கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. குறிப்பிட்ட ஒரு பிணைப்பு அற ஆண்டுக்கணக்கில் ஆகும். ரைபோசைமின் மடிப்பு மூன்றையும் பிடித்து வரிசையில் நிறுத்துகிறது. அருகிலுள்ள ஒரு குவானின் (நான்கு எழுத்துகளில் ஒன்று) தாக்கும் ஆக்சிஜனிடமிருந்து புரோட்டானைப் பிடுங்குகிறது. இன்னொரு குவானினைச் சுமக்கும் சர்க்கரை, விலகும் ஆக்சிஜனுக்குப் புரோட்டான் தருகிறது. ஆண்டுகள் நிமிடங்களாகச் சுருங்கிவிடுகின்றன.

மடிவதும் எளிதல்ல. இழையிலுள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். மக்னீசியம் அயனிகள் இடையில் புகுந்து அதைத் தணிக்கின்றன. டெட்ராஹைமினா ரைபோசைமில் அவை வெட்டும் வேலையிலும் நேரடியாகக் கைகொடுக்கின்றன.

இது ஏதோ நுண்ணுயிர் விநோதமல்ல. புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் ரைபோசைம்தான். அதன் அமைப்பை வெளிக்கொணர்ந்ததற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்சும் ஆடா யோனத்தும் 2009இல் நோபல் பெற்றார்கள். ஸ்டைட்ஸ் குழு 2000இல் வெளியிட்ட படத்தில், அமினோ அமிலங்கள் இணையும் இடத்தைச் சுற்றி ஆர்.என்.ஏ மட்டுமே இருந்தது. இணைய வேண்டிய இரண்டையும் சரியான கோணத்தில் பக்கத்தில் வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதிலேயே வினை சுமார் ஒரு கோடி மடங்கு வேகமெடுக்கிறது. நம் உடலின் புரத நொதிகள் அத்தனையும் அங்கே தயாரானவை.